சுவீடனுக்குச் சிவப்புப் பொட்டு

ரப்பர்ப் பெட்டிக்கு, போய்ச்சேரும் ஊர்ப் பெயர் முழுதும் வேண்டாம், முதலெழுத்தே போதும் என்று எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியார். பெரிய சண்டை ஓய்ந்து சில வருஷம் கழித்து, ஓர் ஈஸ்டருக்கு மறுநாள். மிஷன் பள்ளியில் ரெண்டு வருஷம் படித்த இங்கிலீஷுக்கு, செமோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் எனக்குக் கிடைத்த வேலை. எழுத்து வெட்டிய தகரத்தைப் பெட்டிமேல் வைத்து மை பூச வேண்டும். குனிந்தே வேலை செய்கிறவர்களே, உங்களுக்குத் தெரியும்: எழுத்து சின்னது, இடுப்புவலி பெரிசு.

ஏணியும் அரிவாளும்

கூட வேலை செய்த லெட்சுமிக்கு எழுத்து தெரியாது. ஹாலந்தின் முதலெழுத்து அவளுக்கு ஏணி, இங்கிலாந்து சீப்பு, ஜெர்மனி அரிவாள். அரிவாள் எந்த ஊர் என்று ஒருநாள் கேட்டாள். சொன்னேன். தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். "நம்ம தொரையோட அண்ணன சுட்டவங்களுக்கா அக்கா நாம பெட்டி அனுப்புறோம்?"

ரெண்டு பாம்பு

ஸ்பெயினுக்கும் சுவீடனுக்கும் ஒரே எழுத்து, பாம்பு மாதிரி. சுவீடன் பெட்டியில் எழுத்துக்கு மேலே சிவப்புச் சாயத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொன்னார் கிராணியார். லெட்சுமியின் புருஷன் காய்ச்சலில் கிடந்த சமயம். அவள் சம்பளம் நின்றால் வீட்டில் உலை இல்லை. அவளைப் பார்த்தே சொன்னார்: "பெட்டி மாறிப் போச்சுன்னா, ஒம் பேரு சம்பளச் செக்ரோல்ல இருக்காது."

பூஜைக்கு மறுநாள்

ஆயுத பூஜை முடிந்த காலை வந்து பார்க்கிறேன்: பால் வெட்டும் கத்தி, வாளி, தராசு எல்லாவற்றுக்கும் வைத்ததுபோல ஒவ்வொரு பெட்டிக்கும் குங்குமப் பொட்டு. சரியாக எழுத்துக்கு மேலே. ஸ்பெயின் முழுக்கச் சுவீடன் ஆகிவிட்டது. வாசலில் மாட்டு வண்டி நிற்கிறது.

"ஈரத்துணியால துடை லெட்சுமி. குங்குமம் போயிடும், சாயம் நிக்கும்" என்றேன். அவள் துணியை என் பக்கமே நீட்டினாள். "அந்த மனுசன் படுத்துக் கெடக்குறப்ப பொட்டை நானே அழிக்கவா? நீங்க அழிங்க அக்கா. ஒங்க சாமி ஒண்ணும் சொல்லாது."

ஒரு பெட்டி

மாதாவை வேண்டிக்கொண்டு அத்தனையும் நானே துடைத்தேன். கடைசிப் பெட்டியில் மட்டும் சிவப்பு இழுபட்டுவிட்டது. காயாத சாயமா, குங்குமமா, தெரியவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு, சுவீடன் என்றே ஏற்றிவிட்டேன். கிராணியார் வந்து தடவிப் பார்த்தார். "வெயில் கொளுத்துது, பெட்டி ஏன் ஈரமா இருக்கு?" லெட்சுமி முந்திக்கொண்டாள். "மழை பேஞ்சுச்சுலா, ஐயா."

அவள் பேர் செக்ரோலில் நின்றது. புருஷனும் எழுந்து நடந்தார். பாதி ஐரோப்பாவை ஒரு ஈரத்துணியால் துடைத்த எனக்கு அந்த ஒரு பெட்டி எந்த ஊர் சேர்ந்தது என்று இன்றுவரை தெரியாது, உங்கள் ஜெபத்தில் அதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.