செல்லம்மாவின் தோள்வழி வந்த அப்போஸ்தலப் பட்டம்

மலேசியாவில், பகாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் லோரி ஓட்டி ஓய்வுபெற்ற தர்மராஜ், உலகத்துக்கு இப்போது அப்போஸ்தலர் தர்மராஜ். உலகம் என்பது தோட்டத் தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்தில் கூடும் அவருடைய சபை. ஞாயிறன்று மழை இல்லாவிட்டால் பாதி நாற்காலிகள் நிறையும்.

சிரம்பானில் நடந்த பெருங்கூட்டத்தில், வெளிநாட்டு அப்போஸ்தலர் ஒருவர் கைவைத்ததால் கிடைத்த பட்டம் அது. பேதுருவிடமிருந்து கைமேல் கையாக இறங்கி வந்த அதிகாரம், தோட்டத்து மண்பாதையையும் தவறாமல் கண்டுபிடித்ததை எண்ணி அவர் அடிக்கடி கண்கலங்குவார்.

வயதாகிவிட்டதால், மருமகன் தேவனின் தலையில் கைவைத்துச் சபையை ஒப்படைக்க நாள் குறித்தார். மூப்பர் சுகுமாறனுக்கு அந்த இடத்தின்மேல் வெகுநாளாக ஒரு கண்.

"அப்போஸ்தலர்மாரு அந்தப் பன்னெண்டு பேரோட முடிஞ்சு போச்சு லா, பாஸ்டர். அதுக்கப்புறம் வந்ததெல்லாம் டூப்ளிகேட்."

"அப்போ பவுலு? அவரு பன்னெண்டுல இருந்தாரா?"

"அவருக்கு ஆண்டவரே தரிசனம் குடுத்தாரு. ஒங்களுக்கு?"

"எனக்குத்தான் கைவெச்சாங்களே!"

"நேரா ஒங்க தலையிலயா?"

தர்மராஜ் பொய் சொல்லாதவர். அவருடைய ஊழியத்துக்கு இருந்த ஒரே இடைஞ்சல் அது. அன்று நெரிசலில் அவரால் மேடையை நெருங்க முடியவில்லை. முன்னால் நிற்பவரின் தோளில் கைவையுங்கள், வல்லமை கடந்து வரும் என்று மைக்கில் சொன்னார்கள். வைத்தார். முன்னால் நின்றது செல்லம்மா. பகாவ் பஸ் நிலையத்தில் வடை விற்பவர், மாரியம்மன் பக்தை. முட்டி வலிக்காகச் சபை பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போனவர்.

மூப்பர்கள் உபவாசமிருந்து ஆராய்ந்தார்கள். வல்லமை செல்லம்மா வழியாக வந்திருந்தால், தோட்டத்தின் முதல் அப்போஸ்தலர் அவர். வரவில்லையென்றால், தர்மராஜ் வெறும் லோரிக்காரர். இரண்டாவது முடிவு வேதத்துக்கு விரோதம் என்று தர்மராஜுக்கு உடனே வெளிப்பட்டது. பட்டத்தைக் காப்பாற்ற ஒரே வழி, செல்லம்மாவையே அழைத்துவந்து தேவன் தலையில் கைவைக்கச் சொல்வது. வடைச் சட்டியின் முன் போய் நின்றார்.

"அக்கா, அன்னிக்கு ஒங்க மேல வல்லமை எறங்குச்சுல்ல?"

"என் முட்டி வலியே எறங்கல, லோரி தம்பி. ஒனக்கு மட்டும் எப்படி எறங்குச்சு?"

"அத விடுங்கக்கா. ஞாயித்துக்கெழம வந்து எங்க தேவன் தலையில கைவெச்சாப் போதும்."

"வெக்கிறேன். ஆனா இனிமே ஒங்க ஸ்பீக்கரு எங்க கோயில் பக்கம் திரும்பக் கூடாது. சரியா லா?"

கோயில் கமிட்டி கெஞ்சியும் தோட்ட மேனேஜர் மிரட்டியும் அசையாத ஸ்பீக்கர், அன்று மாலையே செம்பனை மரங்களைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. அந்தச் சபையில் அப்போஸ்தல அதிகாரம் பலித்ததைக் கண்ணால் கண்டது அந்த ஒரு முறைதான்.

ஞாயிறன்று செல்லம்மா, நெற்றித் திருநீற்றை அழிக்காமல் வந்து, மாவு வாசம் போகாத கையைத் தேவன் தலையில் வைத்தார். சபையே கண்ணை மூடியது. தர்மராஜ் மட்டும் லேசாகத் திறந்து பார்த்தார். தேவனுக்குப் பின்னால் சுகுமாறன், கண்களை இறுக மூடி, அவன் தோளில் கைவைத்தபடி நின்றிருந்தார்.