நான்காவது வீட்டுச் சுவர்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். எனக்கு மலேரியா வேலை கிடைத்தபோது, ஊர் ஊராகப் போய்க் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்பதற்கெல்லாம் சர்க்கார் சம்பளம் தருமா என்று அப்பா கேட்டார். இன்றுவரை அவருக்கு அது விளங்கவில்லை. ஆகவே வேலையைப் பற்றிப் பேச எனக்கு இருந்தது ஒரே ஆள். பக்கத்துக் கிராமங்களில் அதே வேலை பார்த்துவந்த நண்பர்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். யாருக்காவது காய்ச்சல் என்றால் விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்து, மாத்திரை கொடுக்க வேண்டும். வாசல் சுவரில் காவியில் அச்சிட்ட கட்டத்தில் தேதியும் இனிஷியலும் எழுத வேண்டும். நாங்கள் சொல்வதை இன்ஸ்பெக்டர் நம்பமாட்டார். சுவரைத்தான் நம்புவார்.

முதல் வருஷம் முழுக்க நண்பர் என்னை சார் என்றுதான் கூப்பிட்டார். ஒருநாள் பாப்பாரப்பட்டி சந்தைக்கு அருகே என் சைக்கிள் பஞ்சராகி நின்றேன். தன் கேரியரில் என்னை உட்காரவைத்து மிதித்தார். என் சைக்கிளை நான் ஒரு கையால் இழுத்துக்கொண்டு வந்தேன். பாதி தூரத்தில், "யோவ், பொணத்த ஏத்திக்கிட்டுப் போற மாதிரி இருக்குது. எதாச்சும் பேசுய்யா" என்றார். அன்றிலிருந்து சார் போய்விட்டது. சந்தை நாளில் இருவரும் ஒன்றாகச் சாப்பிடுவோம்.

அவர் மனைவியைப் பிரசவத்துக்குத் தர்மபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். லீவு கிடைக்கவில்லை. மலையடிவாரத்தில் நாலு வீடு பாக்கி இருந்தது. போய்க் கேட்டுவிட்டுத் தன் இனிஷியலைப் போட்டுவிடும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

நான் ஏமாற்றவில்லை. நாலு வீட்டுக்கும் போனேன். யாருக்கும் காய்ச்சல் இல்லை. மூன்று சுவரில் அவர் இனிஷியலை அவரைப் போலவே வால் இழுத்துப் போட்டேன். நான்காவது வீட்டு அம்மா குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கையைத் துடைத்து எழுதினேன். எழுதியது என் இனிஷியல். தினமும் போட்டுப் பழகிய கை, தானாக எழுதிவிட்டது. நான் கவனிக்கவே இல்லை.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் கவனித்தார். இருவரையும் ஆபீசுக்கு வரச் சொன்னார். நான் வாய் திறப்பதற்குள் நண்பர் முந்திக்கொண்டார். "நான்தான் சார் போவச் சொன்னேன். அவரு மேல தப்பில்லீங்க."

வெளியே வந்ததும், தெரியாமல் போட்டுவிட்டேன் என்று ஆரம்பித்தேன். தண்ணீர் குடித்தது, கை துடைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சைக்கிள் பூட்டைத் திறந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன கொழந்தன்னு நீ இன்னும் கேக்கலய்யா" என்றார்.

கேட்டேன். பெண் என்றார். நல்லது என்றேன். அவர் கோபப்பட்டிருந்தால் நான் இன்னும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அவரை ஓசூர்ப் பக்கம் மாற்றினார்கள். கார்டு போட்டேன். அனைவரும் சௌக்கியம், உங்கள் சௌக்கியத்துக்கு எழுதவும் என்று பதில் வந்தது. உங்கள் என்று எழுதியிருந்தார். நான் மறுபடி எழுதவில்லை. எழுத உட்கார்ந்ததும் இல்லை. சந்தை நாளில் தனியாகச் சாப்பிட்டேன், பசித்ததால்.

அவருடைய கிராமங்களை எனக்கே சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த நான்காவது வீட்டுக்கும் முறைப்படி போனேன். அந்த அம்மா வெளியே வந்தாள்.

"அந்த சார் வரலீங்களா?"

மாற்றலாகிவிட்டது என்றேன்.

"அவுங்க வூட்டம்மாவுக்குப் பிரசவம் ஆயிருச்சுங்களா? அன்னிக்கே கேக்கணும்னு இருந்தேன்."

பெண் குழந்தை என்றேன். தாயும் பிள்ளையும் சுகமா என்று அவள் கேட்டாள். அது எனக்குத் தெரியவில்லை. சுகம் என்றேன்.

வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை. பென்சிலை எடுத்து, என் பழைய இனிஷியலுக்குக் கீழே தேதி போட்டு, மறுபடி அதையே எழுதினேன்.