பொம்மைக்குப் போட்ட கோட்டு

எங்கேயாவது கூட்டிப் போகச் சொல்லி அம்மா வாய் திறந்து கேட்டது அந்த ஒரு முறைதான். அதுவும் சினிமாவுக்கோ லால்பாக் பூங்காவுக்கோ அல்ல, ராணுவ மியூசியத்துக்கு. என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, அப்போது எங்கோ வடக்கே பனிமலையில் காவலுக்கு நின்றுகொண்டிருந்தார். குளிர் ஒன்றும் செய்யாது, பெரிய கோட்டு கொடுத்திருக்கிறார்கள் என்று கடிதம் எழுதியிருந்தார். அதே மாதிரிக் கோட்டை மியூசியத்தில் ஒரு பொம்மைக்குப் போட்டு வைத்திருப்பதாக அப்பா யாரிடமோ கேட்டு வந்து சொல்லிவிட்டார். அதிலிருந்து அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொம்மனஹள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனோம். எனக்கு ஒன்பது வயது. வாசலில் நின்ற டாங்கியின் மேல் ஏற வேண்டும், அது ஒன்றுதான் என் லட்சியம். அம்மா டாங்கியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே வாள், பதக்கம், சுவர் முழுக்க மீசைக்காரர்கள். எல்லாவற்றையும் தாண்டி நேராக அந்தப் பொம்மையிடம் போய் நின்றாள்.

வெள்ளைக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி, முன்னால் தடுப்பாக ஒரு கயிறு. கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டுதான் பார்த்தாள். அம்மாவுக்குக் கார்மெண்ட்ஸில் வேலை. நாள் முழுக்கச் சட்டைகளுக்குக் கை வைத்துத் தைப்பவள். அவள் விரல் சும்மா இருக்குமா? கோட்டின் கனத்தைக் கிள்ளிப் பார்த்தாள், காலரைத் திருப்பினாள், கடைசியில் பொம்மையின் கையையே தூக்கினாள். அக்குளில் நாலு விரல் நீளத்துக்குத் தையல் விட்டிருந்தது.

"முட்டபேடிம்மா! தொடக்கூடாதுன்னு போர்டு இருக்கில்ல?" நரைத்த மீசையோடு காவலாளி கன்னடமும் தமிழுமாக அதட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"இங்க பிரிஞ்சிருக்குங்கண்ணா. இப்படி இருந்தா காத்து உள்ள பூந்துடாதா?"

"இது பொம்மைக்குப் போட்டதும்மா. ஆளுங்களுக்கு நல்லதாத்தான் குடுப்பாங்க."

"என் தம்பி அங்கதான் இருக்கான்" என்றாள் அம்மா.

அவர் அம்மாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அம்மாவின் பர்ஸில் சில்லறை இல்லாத நாள் உண்டு, ஊசி நூல் இல்லாத நாள் கிடையாது. அன்று நீல நூல்தான் இருந்தது. கயிற்றுக்கு மேலே எம்பி எம்பித் தைத்து, நூலைப் பல்லால் கடித்து முடித்தாள். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மானமே போய்விட்டது. வெளியே ஓடி, யார் வீட்டுப் பிள்ளையோ போல டாங்கி பக்கத்தில் நின்றுகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் மிச்ச மானத்தை நானே வாங்கினேன். அம்மா எம்பித் தைத்ததை நடித்துக் காட்டி, "பொம்மைக்குக் குளிருமாம்!" என்று முடிப்பேன். சித்தி வீடு, பக்கத்து வீடு, எங்கும் ஒரே சிரிப்பு. அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்தக் குளிர்காலத்திலேயே மாமா பனிச்சரிவில் போய்விட்டார். வீடு நிறைய ஆட்கள் வந்து போனார்கள். அம்மா சாப்பிடவில்லை, யாரிடமும் பேசவில்லை. அவள் ஒரே ஒரு முறை சிரித்தால் போதும் என்றிருந்தது எனக்கு. தெரிந்த வழி ஒன்றுதான். அவள் முன்னால் போய் நின்று, எம்பி எம்பித் தைத்து, நூலைப் பல்லால் கடித்து, "பொம்மைக்குக் குளிருமாம்" என்றேன்.

அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பக்கத்தில் இழுத்து, கையைத் தூக்கி, என் கவுனின் அக்குள் தையலை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். அந்த விரல்கள் இன்று இல்லை. யாராவது ஒரு முறை அப்படித் தடவிப் பார்க்க மாட்டார்களா என்று ஏக்கமாக இருக்கிறது. அன்று அப்படியெல்லாம் தோன்றவில்லை. கவுன் அவளே தைத்தது, எங்கும் பிரியவில்லை, பிறகு எதற்கு இவ்வளவு நேரம் பார்க்கிறாள் என்று நினைத்தபடி, வலிக்க வலிக்கக் கையைத் தூக்கிக்கொண்டே நின்றேன்.