ஓம், பாப்பம்

அவனைக் கட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனதே நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த மாதங்களில் எதிர்ப்பட்ட எல்லாரிடமும் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்களுக்கு அலுத்துப்போனது, எனக்கு அலுக்கவில்லை.

பாரிஸில், எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ஒரே கட்டடத்தில் நான் நான்காம் மாடி, அவன் இரண்டாம் மாடி. நான் ஒரு காப்புறுதி அலுவலகத்தின் தபால் பகுதியில் வேலை செய்கிறேன். அவன் ஓர் உணவகத்தில் சமையல்காரன். என்னைவிட ஒன்பது வயது இளையவன், வாய்க்கு வாய் "அண்ணை" என்பான். பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்த வாரம் இனிப்புப் பெட்டியோடு வந்து, "அண்ணை, இனி நானும் வோட் போடலாம். எந்தக் கட்சி நல்லது?" என்று கேட்டான். நான் பதினொரு வருடமாக உறுப்பினராக இருக்கும் கட்சியின் கிளைக் கூட்டத்துக்கு அவனைக் கையோடு அழைத்துப்போனேன். அவனுக்கு நாற்காலி எடுத்துப் போட்டதும் நான்தான்.

அடுத்த வருடம் நகரசபைத் தேர்தல் வந்தது. எங்கள் வட்டாரப் பட்டியலுக்குத் தலைமை தாங்க கட்சிக்குள்ளேயே இரண்டு பேர் போட்டி போட்டார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், மற்றவர் ஒரு வழக்கறிஞர் அம்மா. இருவரும் விட்டுக்கொடுக்காததால் ஒரு 'பிறிமேர்' வைப்பதென்று முடிவாயிற்று. வட்டாரத்தில் குடியிருந்து, வாக்காளர் பதிவில் பெயரும் இருந்தால், ஒரு தாளில் கையெழுத்து வைத்துவிட்டு யாரும் வந்து இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். பிறிமேர் என்ற சொல்லை எங்கள் சனம் பிள்ளைகளின் ஆரம்பப் பள்ளிக்குத்தான் பாவித்துப் பழகியது. வாக்கெடுப்பும் ஓர் ஆரம்பப் பள்ளியின் சாப்பாட்டு மண்டபத்தில்தான் என்றதும் ஒரு தாய் என்னிடம், "பிள்ளையின்ர ரிப்போட்டும் கொண்டு வர வேணுமோ?" என்று கேட்டார்.

நான் ஆசிரியரின் பக்கம். பதினொரு வருடம் அவருடைய சுவரொட்டிகளைத்தான் ஒட்டியிருக்கிறேன், குளிரில் மெற்றோ வாசலில் நின்று அவருடைய துண்டுப்பிரசுரங்களைத்தான் கொடுத்திருக்கிறேன். அவர் என்னைக் கூப்பிட்டு, தான் வென்றால் பட்டியலில் ஏழாவது இடம் எனக்கு என்றார். அன்று நான் வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தேன். என் பெயரும் படமும் அச்சாகி, எங்கள் தெருச் சுவர்களில் நிற்கப் போகின்றன.

இரண்டு நாள் கழித்து மாடிப்படியில் அவனைக் கண்டேன். "அண்ணை, வழக்கறிஞர் அம்மா எனக்கு ஆறாவது இடம் தாறாவாம்," என்றான். முகமெல்லாம் சிரிப்பு.

ஆறாவது! பட்டியலில் ஆணும் பெண்ணும் மாறி மாறி வரவேண்டும் என்பது சட்டம். தலைப்பில் ஆண் நின்றால் ஆண்களுக்கு ஒற்றை எண், பெண் நின்றால் இரட்டை எண். அவனுக்கு ஆறு கிடைத்ததற்கு அதைத் தவிர வேறு காரணம் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அன்று முழுக்க வயிறு எரிந்தது. நேற்று வந்தவனுக்கு ஆறு, எனக்கு ஏழா?

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. எங்கள் பத்திரங்களில் அப்பாவின் பெயர்தான் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். ஆசிரியர் பதினொரு வருடமாக என்னை அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுகிறார். அப்பா ஒருநாளும் பிரான்சுக்கு வந்ததில்லை, கட்சிக் கூட்டத்தில் அவரைத்தான் ஒவ்வொரு முறையும் வரவேற்றார்கள். முதல் நாள் திருத்தியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன், பிறகு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் வழக்கறிஞர் அம்மா ஒரே வாரத்தில் அவனுடைய சொந்தப் பெயரைக் கேட்டுப் பழகி, மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து அதைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெயரில் ஒரு 'ழ' வேறு இருக்கிறது.

நான் ஒரு குறிப்புப் புத்தகம் வாங்கினேன். அன்று மாலை மனைவி சமையலறையில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். "வாக்குப் போடுற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் வெளிக்கிட வேணும். எங்கட ஆசிரியருக்குத்தான், சரியோ?" என்றேன். "ஓம், பாப்பம்," என்றாள். நான் புத்தகத்தின் முதல் வரியில் 'வீடு – 2' என்று எழுதிவிட்டுத் தெருவுக்கு இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லா சப்பலில் நடக்க இடமிருக்காது. ஆனால் அந்தச் சனத்தில் பெரும்பாலானோர் கார்ஜ், பொண்டி, கூசேன்வில் என்று புறநகர்களிலிருந்து மரக்கறியும் மீனும் வாங்க வருகிறவர்கள். அவர்களுக்கு எங்கள் வட்டாரத்தில் வாக்கு இல்லை. அவனுக்கு இது தெரியாது. கடை வாசல்களில் நின்று, வந்த போன எல்லாரிடமும் பேசிப் பெயர் எழுதினான். நான் எதிர்ப்பக்கத் தேநீர்க்கடையில் இருந்து பார்த்தேன். பொண்டிக் குடும்பம் ஒன்றுக்கு அவன் கால் மணி நேரம் விளக்கம் சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. போய்ச் சொல்லியிருக்கலாம். இன்னொரு தேநீர் வாங்கிக் குடித்தேன்.

அடுத்த ஞாயிறு அவனைத் தெருவில் காணவில்லை. படியில் கண்டபோது கேட்டேன்.

"அக்கா சொன்னவ, அண்ணை. தெருவில நிக்கிற ஆக்களுக்கு இஞ்சை வோட் இல்லையாம். இஞ்சை இருக்கிற ஆக்களின்ர வீடுகளுக்குப் போகச் சொன்னவ."

அக்கா என்றால் என் மனைவி. மேலே போய்ச் சத்தம் போட்டேன்.

"ஏன் கத்துறீங்கள்?" என்றாள். "ரெண்டு பேருக்கும் ஒரே கட்சிதானே? பாவம், அவர் பொண்டி ஆக்களோட மினக்கெடுறார்."

எனக்கு அந்தப் 'பாவம்' பிடிக்கவில்லை.

உணவகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் இடையில் மூன்று மணி நேரம் ஓய்வு உண்டு. மற்றவர்கள் படுத்து எழும்பும் அந்த நேரத்தில் அவன் வீடு வீடாகப் போனான். ஒருநாள் தொலைபேசிக் கடைக்காரரிடம் அவன் பேசுவதைக் கேட்கும்படி நான் பக்கத்தில் நின்றேன். அவர் எங்கள் வட்டாரத்தில்தான் குடியிருக்கிறார், வாக்கும் உண்டு. அவன் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர், "ஓம் தம்பி, பாப்பம்," என்றார். அவன் நன்றி சொல்லித் தன் தாளில் பெயரை எழுதினான். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

எங்கள் சனத்தில் 'ஓம்' என்றால் ஆம். 'ஓம், பாப்பம்', அதாவது பார்ப்போம், என்றால் இல்லை. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. கடன் கேட்டவருக்கும், கலியாணத்துக்கு வரச் சொன்னவருக்கும், பெண் கேட்டு வந்தவருக்கும் அதைத்தான் சொல்வோம். கேட்டவரும் விளங்கிக்கொண்டு எழும்பிப் போய்விடுவார். இது அவனுக்கும் தெரியாமலா இருக்கும்? பதவி ஆசையில் மறந்துவிட்டான் என்று நினைத்தேன்.

அந்த வாரக் கூட்டத்தில் ஆசிரியர் கவலையாக இருந்தார். மற்றப் பக்கத்துத் தமிழர் ஆதரவாளர் பெயர்களோடு நீண்ட பட்டியல் வைத்திருக்கிறாராமே என்றார். கவலைப்படாதீர்கள், அதில் இருப்பதெல்லாம் 'பாப்பம்' என்றேன். அது என்ன என்று கேட்டார். விளக்கினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார், மற்றவர்களைக் கூப்பிட்டு என்னை மறுபடி சொல்லச் சொன்னார். கொஞ்ச நாளில் எங்கள் பக்கத்துப் பிரெஞ்சுக்காரர் எல்லாம், நாற்காலி மடிக்கவா என்று கேட்டால்கூட 'பாப்பம்' என்று பதில் சொல்லிச் சிரித்தார்கள். பதினொரு வருடத்தில் முதல்முறையாக ஒரு கூட்டமே என்னைச் சுற்றி நின்றது. என் சனத்தின் கூச்சத்தை வேடிக்கைப் பொருளாக்கிக் கொடுத்துவிட்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

வாக்கெடுப்பு நாள் காலையில் மனைவியும் நானும் பள்ளிக்குப் போனோம். அவள் நீலச் சேலை கட்டி, அதன்மேல் தடித்த கோட்டைப் போட்டிருந்தாள். மறைப்புக்குப் பின்னால் போய், மடித்த தாளைப் பெட்டியில் போட்டுவிட்டு, சமையல் கிடக்கிறது என்று திரும்பிப் போனாள். நான் வாசலில் நின்றேன். என் புத்தகத்திலிருந்து முக்கால்வாசிப் பேர் வந்தார்கள்.

பதினொரு மணிக்கு அவனுடைய ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தனியாகவும் குடும்பமாகவும், அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தொலைபேசிக் கடைக்காரர் மனைவி, மகளோடு வந்தார். நான் அவரை ஓரமாக அழைத்தேன்.

"நீங்கள் உவனுக்குப் பாப்பம் எண்டெல்லோ சொன்னனீங்கள்? நான் பக்கத்தில நிண்டனான்."

"ஓம், சொன்னனான்," என்றார் அவர். "ரெண்டு நாள் கழிச்சுத் திரும்ப வந்தான். 'அண்ணை, பாப்பம் எண்டனீங்கள், அதுதான் பாக்க வந்தனான்' எண்டான். பிறகும் ஒருக்கா வந்தான். மூண்டு தரம் வந்தவனுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

அந்தச் சொல்லின் அர்த்தம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே, தெரியாதவன் மாதிரித் திரும்பிப் போயிருக்கிறான். ஐம்பது வருடமாக அந்தச் சொல்லோடு வாழ்ந்த எனக்கு அப்படி ஒரு வழி இருப்பது தோன்றவில்லை. அந்த வாசலில் நின்றபோது எனக்கு அவன்மேல் வந்தது கோபம்கூட இல்லை, பச்சைப் பொறாமை.

ஆசிரியர் இருபத்தாறு வாக்குகளால் தோற்றார். என் கையைக் குலுக்கி, அப்பாவின் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார். பின்னால் நின்ற ஒருவர் என் தோளில் தட்டி, "என்ன, பாப்பமா?" என்றார். நான் நாற்காலி மடிக்க நிற்காமல் வந்துவிட்டேன்.

ஒரு வாரம் அவனைக் காணாமல் இருக்கும்படி வேலைக்கு முந்திப் போனேன். அடுத்த ஞாயிறு மத்தியானம் அவனே வந்து மணியடித்தான். கையில் பட்டியலின் முதல் அச்சு. ஆறாவது இடத்தில் அவன், கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டு, சமையல்காரன் என்று சொல்ல முடியாதபடி. படம் நன்றாக வந்திருந்தது. நன்றாக வந்ததே எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணை, இனி எல்லாரும் ஒரு பக்கம்தானே. நீங்கள் இல்லாட்டி நான் கட்சிக்கே வந்திருக்க மாட்டன். சனிக்கிழமை மெற்றோ வாசல்ல நோட்டீஸ் குடுக்க வாறீங்களோ?"

"ஓம், பாப்பம்," என்றேன்.

அவன் சிரித்தான். "அப்ப சனிக்கிழமை ஒன்பதுக்குத் திரும்ப வாறன்," என்று சொல்லி இறங்கிப் போனான்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், மனைவியும் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சிரிப்பு?"

"நானும் உங்களுக்கு அதைத்தானே சொன்னனான்," என்றாள்.

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"நீர் ஆருக்குப் போட்டனீர்?"

"வழக்கறிஞர் அம்மாவுக்கு."

"அவன் உம்மையும் வந்து கேட்டவனோ?"

"ரெண்டு தரம். நீங்கள் வேலைக்குப் போன நேரம். உங்களுக்கு என்ன வேணும் அக்கா, கட்சி என்ன செய்ய வேணும் எண்டு கேட்டவர். நான் எங்கட கட்டடத்து லிப்ட் பழுதாய்க் கிடக்கிற கதை சொன்னனான். எழுதிக்கொண்டு போனவர்." சமையலறைப் பக்கம் திரும்பியபடி சொன்னாள்: "என்ர பேரையும் கேட்டு எழுதினவர். என்ர பேரை. இன்னாரின்ர மனுசி எண்டு எழுதேல்லை."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னனான்தானே. பாப்பம் எண்டு. நீங்கள் திரும்பக் கேக்கேல்லை."

அவள் சோறு போடப் போனாள். நான் கோட்டுப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். பக்கம் பக்கமாக ஆட்களின் பெயர்கள், முழுப் பெயர்கள், அப்பாவின் பெயர் வேறு, சொந்தப் பெயர் வேறு என்று கவனமாகப் பிரித்து எழுதியவை. முதல் பக்கத்தின் முதல் வரியில் மட்டும் பெயர் இல்லை. 'வீடு – 2' என்று இருந்தது.