கழுத்துக்குள் உட்கார்ந்த ஆந்தை

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. தாயில்லாமல் நின்ற கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பேத்தி கொடுத்த நோட்டில் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான். மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், நடவு சமயத்தில், கழுத்தில் புளியங்கொட்டை அளவு ஒரு கட்டி. வலிக்கவில்லை. வலிக்காததை யார் மதிப்பார்கள்? நெறி கட்டியிருக்கிறது என்று மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினேன். அது எலுமிச்சங்காய் ஆனது. உடம்பு இளைத்து ரவிக்கை தொளதொளத்தது. சமயநல்லூரில் இருக்கும் மகள் மதுரைக்கு இழுத்துப்போனாள். கட்டியை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு சொன்ன டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. "இது நெறிக்கட்டியில வர்ற புற்றுநோய் பாட்டி. ஹாட்ஜ்கின்னு பேரு. இதோட செல்லு ஆந்தை முழிக்கிற மாதிரியே இருக்கும்" என்று கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினாள். பொடிப்பொடி செல்களுக்கு நடுவில் பெரிதாக ஒன்று, இரண்டு கண்ணையும் உருட்டி என்னையே பார்த்தது. வேறு சில புற்றுநோய்களிலும் இதே சாடையில் செல் தென்படுமாம். அதனால் சாயம் ஏற்றிப் பார்த்து, இது இன்னதுதான் என்று உறுதி செய்திருந்தார்கள்.

"பொழைப்பனா தாயி?"

"நல்ல மருந்து இருக்கு. ஒங்க வயசுக்குப் படுத்தும். தாங்கிட்டா குணமாகலாம்."

வீடு திரும்பி இதைச் சொன்னதும் பக்கத்து வீட்டு நாத்தனார் வாயில் அடித்துக்கொண்டாள். "ஆந்தை கூரையில அலறுனாலே சாவு விழும்பாக. ஒனக்குக் கழுத்துக்குள்ளயே உக்காந்திருச்சே மதினி! ஊசியெல்லாம் வேணாம். இருக்குற வரைக்கும் வாய்க்கு ருசியாத் தின்னுட்டுப் போ."

மகன்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் காப்பியைக் குடித்து முடித்தேன்.

"ஏத்தா, நட்ட வயல்ல குறுக்குக் கட்ட வச்சுக் குச்சி ஊன்றி, வந்து உக்காரு, எலியப் பிடின்னு ஆந்தையக் கூப்புடுறது யாரு? நாமதான? வயலுக்கு வந்தா விருந்தாளி, வீட்டுக்கு வந்தா எமனா? இருக்குற எடந்தான் தெரிஞ்சுபோச்சுல்ல. நான் ஊசிக்குப் போறேன். வாரவுக வாங்க."

பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஊசி. முடி கொட்டியது. இட்லி வேகும் வாசனையே குமட்டியது. நடுவில் ரத்தம் குறைந்து ஊசியைத் தள்ளிப் போட்டார்கள். அப்போது கஞ்சி காய்ச்சி வந்தவளும் அந்த நாத்தனார்தான். "குடி மதினி, ஆந்தைக்கும் சேத்துக் குடி" என்பாள்.

கடைசியாக எடுத்த ஸ்கேனில் ஒன்றுமே இல்லை. டாக்டரம்மா சிரித்தாள். "ஆந்தை பறந்துருச்சு பாட்டி. ஆனா விடாம செக்கப்புக்கு வரணும்."

"வாரேன். பொம்பளைகளுக்குத்தான் பஸ்ஸு சும்மாவாச்சே."

இந்த நடவுக்கு வயலில் குச்சியை நானே ஊன்றினேன். தலையில் நாற்று மாதிரி புதுமுடி. வரப்பில் நின்ற நாத்தனார், "இன்னுமா அதுகூடச் சகவாசம்?" என்றாள்.

"எலி இருக்குல்ல" என்றேன்.

இம்புட்டுத்தான். பேத்தி, இந்தா, வாசித்துக் காட்டு தாயி. நாத்தனார் பேசினதை மட்டும் சத்தமாக வாசி. அவள் வீட்டு ஜன்னல் திறந்துதான் இருக்கிறது.