ஒரே ஒரு எண்ணை மாற்றிச் சொன்னேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடிக் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலை. கோவையில் ஒரு பெரிய மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு வயது நாற்பத்து நான்கு. எடை நூற்று நான்கு கிலோ.

பார்க்கிறவர்கள் நன்றாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு இப்படி ஆகிவிட்டாள் என்றுதான் நினைப்பார்கள். எனக்குப் பத்து வருடங்களாக ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே நம் மூட்டுகளை எதிரி என்று நினைத்துத் தாக்குகிற நோய். காலையில் எழுந்தவுடன் பிரஷ்ஷைப் பிடிக்க முடியாது. விரல்கள் வழிக்கு வர ஒரு மணி நேரமாகும். அதற்காகச் சின்ன அளவில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பசி கூடியது, முகம் உப்பியது, எடை ஏறியது. எடை ஏறியதில் முட்டிகள் இன்னும் மோசமாயின. முட்டி வலியில் நடப்பது குறைந்தது, அதில் இன்னும் ஏறியது.

வீடு சூலூரில். கணவர் பத்துத் தறி வைத்து ஓட்டுகிறார். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வருகிற துணியில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றையும் தேடிப் பிடிக்கிற வேலை. நாள் முழுக்க நின்றபடியேதான் இருக்க வேண்டும். ஒரு நாள் காலை, சூலூர் பஸ் ஸ்டாப்பில் வலது காலைப் படியில் வைத்தேன். இடது காலைத் தூக்க முடியவில்லை. கண்டக்டர் இறங்கி வந்து என் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். திருப்பூர் போய்ச் சேரும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த வாரம் என் மூட்டுவாத டாக்டரிடம் இதைச் சொன்னபோதுதான் அவர் எடைக் குறைப்பு ஆபரேஷனைப் பற்றி யோசிக்கச் சொன்னார். நோய் இதனால் போய்விடாது, முட்டியின் பாரம் குறையும், ஒருவேளை மருந்தும் நன்றாக வேலை செய்யலாம் என்றார். ஒரு கடிதம் எழுதி இந்த மருத்துவமனைக்கு அனுப்பினார்.

கடிதத்தைக் கையில் வாங்கியதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஊரில் எத்தனையோ மருத்துவமனைகள் இருக்க, இதற்கு மட்டும் ஏன் எழுதுகிறார்? வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "டாக்டரே சொல்றாரல்ல, கேட்டுப் பாக்கலாம் கண்ணு" என்றார். இத்தனை வருடம் எதற்கும் சட்டென்று சரி சொல்லாத மனிதர், இதற்கு மட்டும் ஏன் உடனே சரி என்கிறார் என்று அவர் மேலும் சந்தேகம். என்னைப் பக்கத்தில் நிறுத்திக் கல்யாணங்களுக்குப் போக அவருக்கு வெட்கமாக இருக்கிறதோ என்றுகூட நினைத்தேன். கேட்கவில்லை. நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை அவர் கீழே பார்மஸியில் நின்றிருந்தார். மாடியில் சுவர் முழுக்க ஒல்லியாகிவிட்டவர்களின் படங்கள். சிரித்த முகத்தோடு ஒரு பெண் வந்து தண்ணீர் கொடுத்தாள். மருத்துவமனையில் இவ்வளவு மரியாதை எதற்கு என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உடம்பு. சேலை தோளில் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க அம்மணி, ஆபரேசனுக்குங்களா வந்திருக்கீங்க?"

சும்மா கேட்கத்தான் என்றேன். அவர் விடவில்லை. பெரியநாயக்கன்பாளையம் தன் ஊர் என்றார். தானும் இங்கேதான் ஆபரேஷன் செய்துகொண்டதாகச் சொல்லி, போனில் ஒரு பழைய படத்தைக் காட்டினார். என்னைவிடப் பருமனான ஒரு பெண் மருதமலைப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். நான்தான் அது என்றார். என்னால் நம்ப முடியவில்லை.

பிறகு கேள்விகள். உங்களுக்கு வேறு என்ன நோய், எந்த டாக்டர், என்னென்ன மாத்திரை. முன்பின் தெரியாத ஒருவருக்கு இதெல்லாம் எதற்கு? கடைசியாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "மெடிக்கல்ல வாங்கி வலி மாத்தர ஏதாச்சும் போடறீங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க" என்றேன்.

அது பொய். நாலைந்து வருடங்களாகக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போட்டுக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாப் பக்கத்து மெடிக்கலில் என் தலையைக் கண்டாலே அட்டையை எடுத்து வைப்பார்கள். அது இல்லாமல் எட்டு மணி நேரம் நிற்க முடியாது. முன்பு ஒருமுறை மூட்டுவாத டாக்டர் அதற்காகக் கடுமையாகத் திட்டினார். அன்றிலிருந்து அவரிடம் நிறுத்திவிட்டேன் என்று சொல்லிவந்தேன். கணவருக்கும் தெரியாது. மாத்திரை அட்டை கைப்பையின் உள் ஜிப்பில் இருக்கும்.

அந்த அம்மா என் போன் நம்பரைக் கேட்டார். ஏதாவது சந்தேகம் இருந்தால் பேசலாம் என்றார். சரிதான், கமிஷனுக்கு ஆள் பிடிக்கிறவர் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல வரவில்லை. கடைசி எண்ணை மட்டும் மாற்றிச் சொன்னேன். அவர் கவனமாக ஒவ்வொன்றாக அழுத்திப் பதிந்துகொண்டார்.

உள்ளே கூப்பிட்டார்கள். சர்ஜன் நாற்பது வயதுக்காரர், மெதுவாகப் பேசினார். ஒரு தாளில் இரைப்பையை வரைந்து, எதை வெட்டுவார்கள், எதை எங்கே சேர்ப்பார்கள் என்று காட்டினார். என் நோய்க்கு எந்த மாதிரி ஆபரேஷன் பொருந்தும் என்பதை என் மூட்டுவாத டாக்டரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். அவரும் கேட்டார், வலி மாத்திரை ஏதாவது உண்டா என்று. இல்லை என்றேன். கேட்ட இரண்டு பேருக்கும் ஒரே பதில். உண்மையைச் சொன்னால் ஃபைலில் எழுதிவிடுவார்கள், மூட்டுவாத டாக்டருக்குப் போய்விடும், இன்னும் நாலு டெஸ்ட் எழுதுவார்கள் என்று எனக்குள் கணக்கு.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்துக்கொண்டு ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். அந்த ஒரு மாதமும் எனக்கு நிம்மதி இல்லை. கணவரின் போன் அடித்தால்கூட மருத்துவமனையிலிருந்து பேசுகிறார்களோ என்று காதைத் தீட்டுவேன்.

மறுபடி போன அன்று, மாடிப்படி திரும்பியதும் முதலில் கண்ணில் பட்டது அதே அம்மாதான். என்னைப் போலவே பருமனான ஒரு பெண்ணிடம் அதே போனில் அதே படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்து வந்தார்.

"அம்மணி, உங்க நெம்பருக்கு மூணு வாட்டி கூப்புட்டேனுங்க. ஆரோ ஒருத்தரு எடுத்து, மில்லுல நிக்கறப்ப தொந்தரவு பண்ணாதீங்கன்னு வஞ்சுபோட்டாருங்க. நாந்தேன் தப்பாப் பதிஞ்சுட்டேனாட்ட இருக்குது."

மாட்டிக்கொண்டேன். அந்த நேரத்தில் வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது.

"நீங்க இந்த ஆஸ்பத்திரிக்கு ஆள் புடிச்சுக் குடுக்கறவங்கதானுங்களே?" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை அவரோடு பேசிக்கொண்டிருந்த பெண் மெதுவாக எழுந்து அந்தப் பக்க நாற்காலிக்குப் போய்விட்டாள்.

அந்த அம்மா அப்படியே உட்கார்ந்தார். முந்தானையை விலக்கி இடது கையைக் காட்டினார். புறங்கையில் ஊசி குத்திப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது, சுற்றிலும் நீலம் பாரித்திருந்தது. விரல்களை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். கணுக்கள் புடைத்து, நாலு விரலும் சுண்டு விரல் பக்கமாகச் சாய்ந்திருந்தன. என் நோய்தான். என்னைவிட அதிக வருடம் பழகிய நோய்.

"மூட்டு நோவுக்கு மாசாமாசம் இதே மாடீல மருந்து ட்ரிப்பு ஏத்தோணுமுங்க. அதுக்குத்தானுங்க வாரேன். ஆள் புடிக்கறவளா இருந்தா நானு எதுக்குங்க கையக் குத்திக்கிட்டுப் படுத்திருக்கோணும்?"

பிறகு அவர் சொன்னதை என்னால் மறக்க முடியாது. ஆபரேஷனுக்கு முன்பு அவரிடமும் டாக்டர்கள் வலி மாத்திரையைப் பற்றிக் கேட்டார்களாம். இல்லை என்று சொன்னாராம். பயம்தான், ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று. ஆபரேஷன் நன்றாக முடிந்து எடையும் இறங்கியது. ஐந்தாம் மாதம் மழைக்காலத்தில் மூட்டுகள் பிடித்துக்கொண்டன. பீரோவில் பழைய அட்டை இருந்தது. பத்து நாள் போட்டார்.

"வெளிக்குப் போனது தார் மாதிரி கருப்பாப் போச்சுங்க. என்னத்தையோ தின்னுபோட்டம்னு உட்டுட்டேன். மூணா நாளு பாத்ரூம்ல உழுந்தவதான். தெச்ச எடத்துல புண்ணாயி ஒடஞ்சிருக்குது. ரத்தம் அஞ்சு பாட்டல் ஏத்துனாங்க. என்ற மகன் கையெழுத்துப் போட்டுட்டு வராண்டாவுல உக்காந்து அழுதானாமா."

மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "ஆபரேசன் மேல தப்பில்லீங்க. கேட்டாங்க, நாந்தேன் மறச்சுபோட்டேன். நம்மளாட்ட மூட்டு நோவுக்காரங்க எல்லாரும் அந்த மாத்தரையத் தின்னுட்டுத்தானுங்க நடமாடறோம். டாக்டருகிட்ட ஆரும் சொல்றதில்ல. அதுக்குத்தான் ஊசிக்கு வாரப்பவெல்லாம் இங்க உக்காந்து கேட்டுப்போட்டுப் போறது. நீங்க அன்னிக்கு இல்லைன்னு சொன்னீங்க. உங்க மொகம் அப்படிச் சொல்லலீங்க அம்மணி."

கைப்பையின் உள் ஜிப்பைத் திறந்து அட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தேன். பாதி காலியாக இருந்தது. அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதேதானுங்க நானும்" என்றார்.

அப்போது உள்ளே கூப்பிட்டார்கள். கணவரும் வந்து சேர்ந்திருந்தார். சர்ஜனின் மேசையில் அட்டையை வைத்து, நாலைந்து வருடமாகத் தினமும் இரண்டு என்று சொன்னேன். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் தலை குனிகிறது. டாக்டர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "சொன்னீங்களே, அது போதும்" என்றார். ஸ்டீராய்டும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றுக்கு எவ்வளவு ஆபத்து என்று விளக்கினார். அந்த வாரமே வாய் வழியாகக் குழாய் விட்டு எண்டோஸ்கோப்பி எடுத்தார்கள். இரைப்பையில் இரண்டு புண்கள். ஒன்று ஆழமானது.

"இப்ப ஆபரேஷன் வேண்டாம்மா. முதல்ல இது ஆறட்டும்" என்றார் சர்ஜன். எப்போது என்னை மேசையில் படுக்கவைக்கலாம் என்று காத்திருக்கிறார் என்று நான் நினைத்த மனிதர்தான். நம்புவீர்களோ என்னவோ, வேண்டாம் என்று அவர் சொன்ன அந்த நிமிடத்திலும், இதில் ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ என்று ஒரு கணம் எனக்குத் தோன்றத்தான் செய்தது.

அட்டையைக் காட்டிய அன்றே, வெளியே வந்ததும் அந்த அம்மாவைத் தேடினேன். கீழே லிஃப்ட் பக்கம் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவர் போனை வாங்கி, என் சரியான எண்ணை நானே பதிந்து, அங்கேயே ஒருமுறை அடித்துக் காட்டினேன். எண்ணை மாற்றித்தான் சொன்னேன் என்றும் சொன்னேன். "தெரியுமுங்க" என்றார். "நாலு பேருகிட்டக் கேட்டா மூணு பேரு அப்படித்தானுங்க குடுப்பாங்க."

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் கணவர் கருமத்தம்பட்டி தாண்டி இருக்கும் ஒரு உறவுக்காரர் வீட்டு வளைகாப்பைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். நடுவில் நிறுத்தி, "வலிக்குதுன்னு என்றகிட்டச் சொல்லியிருக்கலாமல்ல" என்றார். அவ்வளவுதான் கேட்டார். ஆபரேஷனுக்கு ஏன் உடனே சரி சொன்னீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன். அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே, காலையில் நான் கட்டிலைப் பிடித்து எழுந்திருப்பதைத் தினமும் தூங்குவது போலப் படுத்துக்கொண்டு பார்ப்பதாகச் சொன்னார். எழுந்து கை கொடுத்தால் நான் கோபப்படுவேனாம்.

மூட்டுவாத டாக்டரிடமும் போய் உண்மையைச் சொன்னேன். வலி அவ்வளவு இருந்தால் மருந்து போதவில்லை என்று அர்த்தம், அது தெரியாமல் பழைய மருந்தையே எழுதிக்கொண்டிருந்தேனே என்று அவர்தான் வருத்தப்பட்டார். வேறு ஊசி மருந்துக்கு மாற்றினார். ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். முதல் இரண்டு மாதம் வேலைக்குப் போக முடியாத அளவு வலி. பிறகு பழகியது. புண் ஆறி, மறுபடி குழாய் விட்டுப் பார்த்து உறுதி செய்து, பத்து மாதம் கழித்துத்தான் ஆபரேஷன் நடந்தது. இரண்டு டாக்டர்களும் என் எதிரிலேயே போனில் பேசி, எந்த மருந்தை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று முடிவு செய்தார்கள்.

இன்று என் எடை எழுபத்தொன்பது. நோய் அப்படியே இருக்கிறது. மழை வந்தால் விரல்கள் இன்றும் மடங்காது. ஆனால் பஸ் படியில் நானே ஏறுகிறேன். அந்த அம்மா எப்போதாவது போன் செய்வார். அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். அன்று எல்லார் முன்னாலும் அப்படிக் கேட்டதற்கு எத்தனையோ முறை மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "அட உடுங்க அம்மணி" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை.

டாக்டர்களை, கணவரை, தண்ணீர் கொடுத்த பெண்ணை, பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவை என்று அத்தனை பேரையும் பொய் சொல்கிறார்களோ என்று உற்று உற்றுப் பார்த்தேன். அவர்களில் ஒருவர்கூட என்னை ஏமாற்றவில்லை, நான்தான் டாக்டர்களையும் கணவரையும் அந்த அம்மாவையும் ஏமாற்றியிருந்தேன் என்பது, இப்போதும் யார் மேலாவது சந்தேகம் எழும்போதெல்லாம் என்னை ஒரு நிமிடம் நிறுத்திவிடுகிறது.