மாமியார் மாற்றிக் கட்டிய காப்பு

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒன்று அது. சீமையெண்ணெய்க்கு ரேஷன் வந்திருந்த சமயம். நான் எட்டாம் வகுப்பு சர்க்கார் பரீட்சையில் தேறிவிட்டு, ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டு, கொல்லிமலையில் திண்ணனூர் நாடு என்கிற பகுதியில் அப்பாவோடு தங்கியிருந்தேன். அப்பா அங்கே காய்ச்சல் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஓர் ஓட்டு வீடு, ஒரு மேசை, அலமாரி நிறையப் பாட்டில்கள், அவ்வளவுதான். சேலத்திலிருந்து எப்போதாவது டாக்டர் வருவார். ராசிபுரம் வரை கரிப்புகையில் ஓடுகிற பஸ், முள்ளுக்குறிச்சி வரை மாட்டுவண்டி, அதற்கு மேல் அவரவர் கால்.

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. பழைய பத்திரிகை கையில் கிடைத்தாலும் நடந்துகொண்டேதான் படிப்பேன். அப்படி இருக்கிறவளுக்கு அந்த மலையில் என்ன வேலை? யாருக்காவது எதையாவது சொல்லிக் கொடுத்தே தீருவது என்று துடித்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சங்கடம் இருந்தது. மலைப் பெண்கள் யாரும் அங்கே வர மாட்டார்கள். காய்ச்சலில் கிடந்தாலும் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு குடிசைக்குள்ளேயே கிடப்பார்கள். "ஒரு ஆம்பளைகிட்டப் போயி நாக்க நீட்டிக் காட்டறதா?" என்பது அவர்கள் கேள்வி. உதவிக்குக் கீழேயிருந்து வந்த பெண்கள் இருவரும் முதல் குளிர்காய்ச்சலிலேயே மலையிறங்கிப் போய்விட்டார்கள். அதனால் டாக்டர் ஒரு யோசனை சொன்னார். பாட்டிலில் ஒட்டியிருக்கும் தமிழ்ச் சீட்டைப் படித்து, வருகிறவர்கள் பெயரை எழுதத் தெரிந்த மலைப்பெண் ஒருத்தி கிடைத்தால், அடுத்த தடவை வரும்போது அவரே சோதித்துப் பார்த்து வேலையில் சேர்த்துக்கொள்வார். கிடைக்காவிட்டால் அந்த உதவியாள் வேலையையே எடுத்துவிடப் போவதாக மேலிடத்தில் பேச்சாம்.

எங்களுக்குப் பக்கத்துக் குடிசையில் ஓர் அக்கா இருந்தாள். கல்யாணமாகி வந்த புதுசு. எனக்கு இரண்டு மூன்று வயது மூத்தவள். சாமையும் கேழ்வரகும் பயிர் செய்கிற குடும்பம். மண்ணில் நான் குச்சியால் கிறுக்கியதைப் பார்த்து, "அம்முணி, இது என்ன எழுத்து?" என்று தானாக வந்து கேட்டவள் அவள் ஒருத்திதான். டாக்டர் சொன்னதை அவளிடம் சொன்னேன். மண்ணில் கிடந்த குச்சியைக் கையில் எடுத்தாள். பிறகு, "எங்கம்மா காய்ச்சலைச் சொல்லாம மறைச்சு மறைச்சேதான் செத்துப் போச்சு. நான் படிக்கிறேன்" என்றாள்.

ஆரம்பத்தில் பிரமாதமாகப் போயிற்று. அவள் களை பிடுங்கும்போது வரப்பில் நின்று ஓர் எழுத்தைச் சொல்வேன். சுனையிலிருந்து தண்ணீர் சுமந்து ஏறும்போது பின்னாலேயே போய்க் கேள்வி கேட்பேன். சாமை குத்தும்போது உலக்கை விழுகிற தாளத்துக்கே "க, கா, கி, கீ" என்று போட்டு இடிப்பாள். சீக்கிரமே எழுத்துக் கூட்டத் தொடங்கிவிட்டாள். வேலைக்கு நடுவில் அரைக் கவனமாகவே இவ்வளவு வருகிறதே, முழு நேரமும் படித்தால் எவ்வளவு வரும் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. உடம்பு அலுத்தால் மூளைக்கு எதுவும் மிஞ்சாது என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் படித்த பள்ளிக்கூடத்தில் பரீட்சை நெருங்கினால் முதலில் ரத்தாவது டிரில் வகுப்புத்தான். அதையே இவள் மாமியாரிடம் போய் ஒரு பிரசங்கமாகச் செய்தேன்.

அந்த அம்மாள் மருமகள்மேல் உயிரையே வைத்திருந்தவர். நான் சொன்னதை வாயில் விரல் வைத்துக் கேட்டுவிட்டு, "அப்ப இதும் ஒரு நோம்பாட்டந்தான், இல்லீங்களா கண்ணு?" என்றார்.

அங்கே மாரியம்மன் நோன்புக்குக் காப்புக் கட்டினால், கட்டியவர்கள் ஏர் பிடிக்க மாட்டார்கள், சுமை தூக்க மாட்டார்கள், ஊர் எல்லையைத் தாண்ட மாட்டார்கள். மறுநாள் காலை மாமியார் அம்மன் கல்லுக்கு முன்னால் மருமகளை நிறுத்தி, மஞ்சள் துண்டு கோத்த நூலை மணிக்கட்டில் கட்டிவிட்டார். டாக்டர் வந்து போகிற வரைக்கும் படிப்பைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது. நான் கைதட்டாத குறைதான்.

அன்றிலிருந்து வீட்டு வேலை, காட்டு வேலை எல்லாம் அந்த அம்மாள் தலையில். சுனைப் பக்கம் கேலிக்குப் பஞ்சமில்லை.

"ஏனக்கா, மருமவ மகாராணியாயிட்டாளா?"

"ஆமாடி, எம் மருமவ பாட்டில் படிக்கப் போறவ. நீ ஒன் கொடம் ஒழுகாமப் பாத்துக்க."

ஆனால் மகாராணி வாடிக்கொண்டே வந்தாள். குடிசை மூலையில் பாய் போட்டுக் காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை பலகையும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். வந்தது கொட்டாவி. பிறகு தலைவலி. பிறகு நேற்றுப் படித்தது இன்றைக்கு மறந்தது. 'மு'வைப் பார்த்தால் 'ழு' என்பாள். நான் இன்னும் அதிக நேரம் உட்கார வைத்தேன். மாமியார் நெய்யும் தேனும் கொடுத்துப் பார்த்தார். மூளைக்கு நல்லது என்று யார் எதைச் சொன்னாலும் அரைத்துக் கொடுத்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

ஒருநாள் அப்பா அவளைக் கூப்பிட்டு, இருமலுக்குக் குடிக்கிற மருந்தை எடுக்கச் சொன்னார். அவள் வெகு நேரம் பார்த்துவிட்டு ஒரு பாட்டிலை நீட்டினாள். அது சிரங்குக்கு மேலே தடவுகிற மருந்து. அப்பா திட்டவில்லை. பாட்டிலை வாங்கித் திரும்ப வைத்துவிட்டு, "ஏம்மா, இதைக் குடிச்சிருந்தா ஒரு உசுரு போயிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அவள் நேராக என்னிடம் வந்து பலகையை நீட்டினாள். "எடுத்துட்டுப் போ அம்முணி. எம் மண்டையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. நான் யாரையாச்சும் கொன்னுருவேன்."

"இன்னும் கொஞ்சம் கவனமா உக்காந்து படிச்சா..." என்று நான் தொடங்கினேன். என் வழக்கப்படி குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டுதான் தொடங்கினேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ ஒரு நாளாச்சும் உக்காந்து படிச்சிருக்கிறயா? பூனையாட்டம் சுத்திச் சுத்தி வந்து நீ படிப்ப. என்னைய மட்டும் அடை கோழியாட்டம் உக்கார வெச்சிட்ட!"

எனக்குச் சுருக்கென்றது. நடந்த கால் நின்றது. பலகையை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை அவளைச் சமாதானம் செய்யலாம் என்று போனேன். பழைய மருந்துப் பாட்டில்கள் சிலவற்றைச் சீட்டோடு ஒரு கூடையில் எடுத்துக்கொண்டேன். மாமியார் சுனைக்குப் போயிருந்தார். வீட்டுக்குக் கீழே அகலமான பாறையின்மேல் அவர்களுடைய சாமை முழுவதும் காய்ந்துகொண்டிருந்தது. ஐப்பசி மாதம். பேசிக்கொண்டிருக்கும்போதே மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. அந்த மலையில் மேகம் கறுத்தால் யோசிக்க நேரம் தராது. வருஷம் முழுவதும் சாப்பாடு அந்தப் பாறைமேல்தான் இருந்தது.

அக்கா வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள். கையிலிருந்த காப்பைப் பார்த்தாள். "ஆத்தா, கோவிச்சுக்காத" என்று சொல்லிவிட்டு, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். நான் கூட்டிக் குவிக்க, அவள் கூடையில் அள்ளித் தலையில் வைத்து மேட்டில் ஏறித் தானியக் குதிரில் கொட்டிவிட்டு, திரும்ப இறங்கி ஓடி வருவாள். எத்தனை நடை என்று யார் எண்ணினார்கள்! கடைசிக் கூடை உள்ளே போனதும் மழை பொத்துக்கொண்டு ஊற்றியது.

கூரைக்கு அடியில் நின்று இருவரும் மூச்சு வாங்கினோம். அவள் முகம் சிவந்து வேர்த்திருந்தது. பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். நின்ற நிலையிலேயே என் கூடையிலிருந்த பாட்டில் ஒன்றை எடுத்தாள்.

"இது மேல தடவறது" என்றாள். அடுத்ததை எடுத்தாள். "இது காய்ச்சலுக்கு. குடிக்கிறது. இது கண்ணுல வுடறது."

பாட்டில்களை இடம் மாற்றி வைத்தேன். மறுபடியும் சரியாகச் சொன்னாள். கோவில் விளக்கை ஏற்றியதுபோல் அவள் கண் அப்படிப் பளிச்சென்று இருந்தது. "நேத்தெல்லாம் எழுத்து ஈசலாட்டம் பறந்துச்சு. இன்னிக்கு நிக்குது அம்முணி" என்றாள்.

அப்போதுதான் மாமியார் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். காலிப் பாறையைப் பார்த்தார், குதிர் நிறைந்திருப்பதைப் பார்த்தார், கடைசியாக மருமகளின் மணிக்கட்டைப் பார்த்தார். அங்கே நூல் இல்லை. எந்த நடையில் அறுந்து விழுந்ததோ!

அந்த அம்மாள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "உனக்காவத்தான் கண்ணு ஒத்தக் கட்டையா அத்தனையும் சொமந்தேன். கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?" என்றபோது அவர் குரல் உடைந்தது. கோபித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு. யோசனை என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"அத்தை, நீங்க சொமக்கறதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க என்னால ஆவலைங்க. ஒடம்பு மரத்துப் போவுது, கூடவே புத்தியும் மரத்துப் போவுது. இன்னிக்கு ஓடுனேன், எல்லா எழுத்தும் ஓடி வந்துச்சு. வேணுமின்னாக் கேட்டுப் பாருங்க."

மாமியாருக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். அக்கா படித்தாள். இன்னொன்றை நீட்டினார். அதையும் படித்தாள். சரியா என்று என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மழை விடுகிற வரைக்கும் ஒவ்வொரு பாட்டிலாக நீட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு அவர் எழுந்து உள்ளே போய் ஒரு மஞ்சள் துண்டும் நூலும் எடுத்து வந்தார். "வா, ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று மருமகள் கையைப் பிடித்து அம்மன் கல்லுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே போய்ச் சண்டைக்கு நிற்கிறவர்போல் உரக்கச் சொன்னார்: "தாயே, நான் தெரியாத்தனமா வேண்டிக்கிட்டேன். இப்ப மாத்திக் கட்டறேன். இவ தெனமும் சொனைக்குப் போயித் தண்ணி கொண்டாந்து, சாமை குத்திட்டுத்தான் பலகையத் தொடணும். சும்மா உக்காந்து படிச்சா அதுதான் குத்தம்!"

நான் எத்தனையோ வேண்டுதல்கள் கேட்டிருக்கிறேன், இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. மறந்த எழுத்துக்கள் மெதுவாகத்தான் திரும்பின. ஆனால் ஒவ்வொரு நாளும் மேடேறி வந்து, வேர்வை அடங்குவதற்குள் அவள் படித்தது மறுநாளும் தங்கியது. ஏன் அப்படி என்று அப்பாவைக் குடைந்தேன். "ரத்தம் நல்லா ஓடினா மண்டைக்கு மட்டும் ஓடாதா? மூளை என்ன, தனியாப் பொட்டியிலயா இருக்குது?" என்றார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவு.

டாக்டர் வந்தார். அக்காவை ஸ்டூலில் உட்காரச் சொல்லிப் பாட்டில்களை வரிசையாக வைத்தார். அவள் உட்கார்ந்தாள். முகம் வெளுத்துவிட்டது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே என்னோடு நின்றிருந்த மாமியார் என் கையை நெரித்தார்.

சட்டென்று அக்கா எழுந்தாள். "ஏனுங்க, கொஞ்சம் நடந்துட்டு வந்து படிக்கலாங்களா?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எங்கே போகப் போறே?"

"அந்த வேலி வரைக்குந்தானுங்க."

"ஓடிப் போயிட மாட்டியே?"

"ஓடித்தான் போவேனுங்க. ஆனாத் திரும்பி வாரேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். அவள் உண்மையாகவே ஓடினாள். வேலியைத் தொட்டுத் திரும்பி வந்து, மேசை முன்னால் நின்றுகொண்டே ஒவ்வொரு சீட்டாகப் படித்தாள். டாக்டர் தம்முடைய பெயரைச் சொல்லி எழுதச் சொன்னார். அதையும் நின்றபடியே குனிந்து எழுதினாள். அன்றைக்கே அவளுக்கு வேலை நிச்சயமாயிற்று. மாமியார் அவள் கையைப் பிடித்துக் காப்பை அவிழ்க்கப் போனார். "கெடக்கட்டும் அத்தை, வேலை பழகற வரைக்கும்" என்றாள் அவள்.

இப்போது நான் பயிற்சிப் பள்ளியில் இருக்கிறேன். வகுப்பில் பிள்ளைகள் கைகட்டி அசையாமல் உட்கார்ந்தால்தான் நல்ல ஒழுங்கு என்று எங்களுக்கும் சொல்லத்தான் செய்கிறார்கள். நானும் குறிப்பெடுத்துக்கொள்கிறேன். ஆனால் மாதிரி வகுப்புக்குப் போகிற இடத்தில், இந்தப் பிள்ளைக்குப் படிப்பு வராது என்று யாராவது ஒரு குழந்தையைக் காட்டும்போது, எவ்வளவு நேரமாக அதை உட்கார வைத்திருக்கிறீர்கள் என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுகிறது.